ஒன்றரை மணி நேர ஜன்னல் சீட்

வைட்ஃபீல்டில் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே எனக்கு வீடு கிடைத்துவிட்டது. அதே மாடியில் இன்னொரு வீடும் காலி.

இன்று காலை ஆபீஸ் பஸ்ஸில் கவிதாவிடம் சொன்னேன். என்னைப் போலவே பொம்மசந்திராவிலிருந்து தினமும் ஒன்றரை மணி நேரம் வருகிறவள், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பாமலே கேட்டாள். "நடந்தே போயிடலாமா?"

"அஞ்சே நிமிஷம். நீயும் வந்துடு."

"வேணாம்ப்பா. வீட்ல மாமியார், ரெண்டு பசங்க. ஆபீஸ்ல மேனேஜர். என்னை யாரும் கூப்பிடாத இடம் இந்த சீட்டு ஒண்ணுதான்."

இறங்கும்போது என் கையைப் பிடித்தாள். "அந்த வீட்டு விஷயத்த எங்க வீட்டுக்காரர் காதுல மட்டும் போட்டுடாத, ப்ளீஸ்."

நான் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. ஐந்து நிமிடத்தை ஒன்றரை மணி நேரமாக நடக்கத் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லவும்.