வுப்பர்டால் அரங்கேற்றத்தில் விட்டுப்போன ஒரு பத்தி

கடந்த மே மாதம் ஒரு சனிக்கிழமை, ஜெர்மனியில் நான் இருக்கும் எர்லாங்கனிலிருந்து வுப்பர்டாலுக்குப் போனேன். என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண் துளசிகாவுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். "இந்தியத் தமிழ் மைக்கில வடிவாக் கேக்கும் அக்கா, அறிவிப்பை நீங்களே செய்யுங்கோ" என்றாள். கும்பகோணத்துக்காரியைப் புகழ்ந்தால் போதும், எங்கே கூப்பிட்டாலும் வந்துவிடுவேன்.

ரயிலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம், இரண்டு இடத்தில் மாற வேண்டும். முன்கூட்டியே எடுத்ததால் டிக்கெட் 39 யூரோ. கடைசி நேரத்தில் எடுத்தால் கண்ணைக் கட்டும். நிலையத்திலிருந்து, ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ஓடும் ரயிலில் இருபது நிமிடத்தில் மண்டபம். அழைப்பிதழில் மூன்று மணி என்றிருந்தால் நாலேகாலுக்குத்தான் விளக்கேற்றுவார்கள். ஜெர்மனிதானே என்று நம்பி ஓடாதீர்கள், நான் ஓடினேன்.

பின்னறையில் துளசிகா முன்னுரையைக் கையில் கொடுத்தாள். எனக்குத் தெரிந்த பரதநாட்டியம் பரத முனிவரிடம் கிளம்பி, நடுவில் எங்கும் நிற்காமல் சென்னை சபாக்களில் வந்து இறங்கும். இவள் எழுதியிருந்தது வேறு. கோயிலிலும் அரண்மனையிலும் தேவதாசிகள் ஆடிய சதிர்தான் இது. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் வரிசையைத் தஞ்சாவூர் அரண்மனையில் ஒழுங்குசெய்தவர்கள் அந்த மரபின் நட்டுவனார்கள். பிறகு ஆட்டம் ஒழுக்கக்கேடு என்று பழிக்கப்பட்டது, அந்தப் பெண்களின் மேடை போயிற்று. அதே ஆட்டம் புதுப்பெயரோடு, மற்ற வீட்டுப் பெண்கள் ஆட, சபா மேடை ஏறியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசிப் பத்தி யாழ்ப்பாணத்தைப் பற்றியது. அங்கே திருவிழாக்களில் ஆட வந்த இந்தப் பெண்களின் ஆட்டத்துக்குச் சின்னமேளம் என்று பெயராம்.

சத்தமாக வாசித்துப் பார்த்தேன். மகளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த அவளுடைய அம்மா ராணி அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"அந்தக் கடைசிப் பத்தியை வாசிக்காதேங்கோ தங்கச்சி. சனத்துக்கு முன்னால அந்தச் சொல்லைக் கேக்க என்னால ஏலாது."

"அது உண்மைதானே அம்மா" என்றாள் துளசிகா. "யூனியில படிக்கேக்க வாசிச்சனான். அதைச் சொல்லாட்டி நான் ஆடமாட்டன்."

நடன ஆசிரியை எட்டிப் பார்த்து, "உங்கட சண்டையைக் கெதியா முடியுங்கோ, மிருதங்கக்காரர் லண்டனில இருந்து வந்து நிக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராணி அக்கா மகளைப் பார்க்காமல் பேசினார். "பன்னிரண்டு வயசில டான்ஸ் பழகவோ எண்டு அப்பாட்டக் கேட்டனான். 'சின்னமேளம் ஆடவோ உன்னைப் பெத்தனான்' எண்டு வீட்டு வாசல் ஒழுங்கையில வைச்சு அடிச்சவர். பிறகு நான் கேக்கேல்லை."

துளசிகா இதை அன்றுதான் கேட்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. "அந்தப் பத்தியை வெட்டுங்கோ அக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். வெட்டினேன்.

மேடையில் முன்னுரையைச் சபா வரை வாசித்து நிறுத்தினேன். முன்வரிசையிலிருந்து ராணி அக்கா எழுந்து வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"இவா ஒரு பத்தியை விட்டிட்டா" என்றார். "எங்கட ஊரில இதுக்குப் பேர் சின்னமேளம். கோயில்ல விடிய விடிய இருந்து பாத்தவை, வீட்டை வந்து அதையே வசவாச் சொன்னவை. ஆடினவையும் ஆரோ பெத்த பிள்ளையள்தான். அவையின்ர ஆட்டத்தைத்தான் இண்டைக்கு என்ர பிள்ளை ஆடப்போறா."

யாரும் கைதட்டவில்லை. இரண்டு பெரியவர்கள் எழுந்து வெளியே போனார்கள். கதவு மூடும்வரை பார்த்துவிட்டு ராணி அக்கா சொன்னார்: "தொடங்குங்கோ டீச்சர்."

இந்தப் பக்கம் அரங்கேற்ற அழைப்பு வந்தால் தட்டாமல் போங்கள். அன்றே திரும்ப முடியாது, அறை போட்டுவிடுங்கள். சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அறிவிப்புச் செய்யக் கேட்டால், எழுதியதை முதல் நாளே வாங்கிப் படியுங்கள்.

நான் பெரிய கோயில்களுக்கு நடுவில் வளர்ந்தவள். அங்கே ஆடியவர்களில் ஒருத்தியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்டதும் இல்லை.