ஒரு முறைதான் கேட்பார்கள்

காலை ஏழே கால் மணி. டில்லி சாணக்யபுரியில் ஒரு பேக்கரியின் கண்ணாடிக்குப் பின்னால், பையன் ஒருவன் கறுப்பு ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தான். நான் உள்ளே நுழைந்ததும் அந்தப் புளித்த வாசனை வந்தது.

பதினோராம் வகுப்பில் லோதி ரோட்டுப் பள்ளியிலிருந்து மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனி போய், ஒரு குடும்பத்தோடு தங்கினேன். அந்த வீட்டின் அம்மா கார்லா, இரவில் இந்த ரொட்டியை மரப்பலகையில் வைத்து அறுப்பார். கூடவே வெண்ணெயும் வெள்ளரி ஊறுகாயும் இருக்கும். ஒரு துண்டு தின்றதும், "இன்னொன்று?" என்பார். முதலில் மறுப்பதுதான் எங்கள் வீட்டில் மரியாதை. "வேண்டாம்" என்பேன். கூடையை எடுத்து வைத்துவிடுவார். நான் பசியோடு படுப்பேன்.

இரண்டாம் வாரம் அவர் மகள் லேனா என் அறைக்கு வந்தாள்.

"எங்க சாப்பாடு உனக்குப் பிடிக்கலன்னு அம்மா அழறாங்க. உன்னை வேற வீட்டுக்கு மாத்தச் சொல்லிக் கேக்கப் போறாங்க."

டில்லிக்கு ஃபோன் செய்தேன். என் அம்மா திருநெல்வேலிக்காரி.

"ஏட்டி, வேண்டாம்னு சொன்னா திரும்பக் கேக்க மாட்டாங்களா?"

"ஒரு தடவதாம்மா கேக்காங்க."

"அச்சா! அப்போ வெக்கப்படாம வாங்கித் தின்னுட்டி."

மறுநாள் இரவு, கார்லா கேட்டு முடிக்குமுன் தட்டை நீட்டினேன். பிறகு மறுபடியும் நீட்டினேன்.

"இவ்வளவு நாள் இந்த வயிறு எங்கே போயிருந்துச்சு?" என்றாள் லேனா.

கார்லா எழுந்து போய்ப் புது ரொட்டி ஒன்றை எடுத்து வந்து அறுத்தார்.

அந்த ஆண்டு முழுவதும் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன்.