வேண்டாம் என்று சொல்லும் வேலை

தென்காசியில் எங்கள் அத்தை கால் படாத தெரு கிடையாது. மதுரைக் கம்பெனி ஒன்றின் கூந்தல் தைலத்தை வீடு வீடாகப் போய் விற்பவள். விற்பதைவிட ஆள் சேர்ப்பதில்தான் அவளுக்கு ஆசை அதிகம். அவள் சேர்த்த பெண்கள் விற்றால் கமிஷனில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பெண்களும் தங்களுக்குக் கீழே ஆள் சேர்க்கலாம். அறுபதுகளின் தொடக்கத்தில் இதற்கெல்லாம் தனியாகப் பெயர் கிடையாது. "வாழைக்குப் பக்கக்கன்னு விடுத மாரி" என்பார் அப்பா.

சேர்ந்தவர்களை அத்தை அப்படியே தெருவில் விட்டுவிட மாட்டாள். எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு வாரம் பயிற்சி நடக்கும். கதவை எப்படித் தட்டுவது, நரைத்த தலைக்காரியிடம் நரையைப் பற்றிப் பேசாமல் எப்படித் தைலம் விற்பது என்று எல்லாம் சொல்லிக்கொடுப்பாள். பிறகு முதல் பத்து வாசலுக்கு அவளே துணைக்குப் போவாள்.

பயிற்சியில் வீட்டுக்காரி வேடம் எனக்கு. எட்டு வயது. யார் வந்து கேட்டாலும் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். மற்ற நேரமெல்லாம் சரி சரி என்றே சொல்லி வளர்ந்த எனக்கு அது கரும்பு தின்னக் கூலி.

அந்தச் சாரல் காலத்தில் பயிற்சிக்கு வந்தவள் என் சித்தி, அம்மாவின் தங்கை. புருஷன் வீட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து எங்களோடு இருந்தாள். யாரிடமும் பேச மாட்டாள். அத்தைதான் வம்பாகக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

மூன்று நாளாகியும் சித்தியின் குரல் கதவைத் தாண்டவில்லை. நான்காம் நாள் அத்தை என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, நீ என்ன கொஞ்சுத மாரி சொல்லுத? வெளிய எவளும் அப்படிச் சொல்ல மாட்டா. நல்லா மொகத்துல அடிச்ச மாரி சொல்லு."

சித்தி தைலப் பையோடு வந்து கதவைத் தட்டினாள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னேன்: "புருசன் வீட்டுல வாழத் தெரியாம வந்தவளுக்கு யாவாரம் ஒரு கேடா?"

அடுப்படியில் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது அது. நன்றாகச் சொன்னதாக நினைத்து அத்தையைப் பார்த்தேன். அவள் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். சித்தி திரும்பிப் பின்வாசல் பக்கம் போனாள். கிணற்றடியில் இருப்பாள் என்று நினைத்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

மளிகைக்கடை அண்ணாச்சிதான் சொன்னார்: "உங்க வீட்டுப் பிள்ளை காலையிலயே குத்தாலம் பஸ்ல ஏறுனாளே."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். யாரும் அடிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அப்பாவும் அத்தையும் புறப்பட, நானும் அழுதுகொண்டே ஒட்டிக்கொண்டேன். அத்தை வாயே திறக்காமல் நான் பார்த்த ஒரே பயணம் அது.

குற்றாலத்தில் இறங்கியதும் அப்பா கடைத்தெருவில் தேடவில்லை. நேராகப் பேரருவிக்கு ஓடினார். அங்கே நின்ற போலீஸ்காரரிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். அவர், அப்படி ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அண்ணே, அங்கன பாரு!" என்று அத்தை கத்தினாள்.

பெண்கள் குளிக்கப் போகும் வழியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, யாரோ ஒரு பெண்ணின் தலையில் சித்தி தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஐந்தாறு பேர். பயிற்சிக்கு வைத்திருந்த பை காலடியில் காலியாகக் கிடந்தது. அருவிக்கு வருகிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டுதானே குளிப்பார்கள்! ஊரெல்லாம் கதவு தட்டிய அத்தைக்கு இது தோன்றவே இல்லை.

"சொல்லாம வந்துட்டேன் மைனி," என்றாள் சித்தி. "மொதல்ல நான் வாங்கச் சொன்னவ நம்ம ஊர்க்காரி. இந்தப் பிள்ளை சொன்னதையேதான் அவளும் சொன்னா. ஆனா இவ அளவுக்குச் சொல்லத் தெரியல. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. நான் சிரிக்கவும் அவளே ஒரு பாட்டில் வாங்கிட்டா."

பிறகு, தலையைக் காட்டிக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டி, "இவ ஆய்க்குடிக்காரி. தானும் விக்க வருதேங்கா. மொதல்ல இந்தப் பிள்ளை வேண்டாம்னு சொல்லுததக் கேட்டுப் பழகிட்டு வான்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

அத்தை அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "பத்து வாசலுக்கு நான் கூட வாரேன்னு சொன்னேம்லாட்டி!" என்றவள், அடித்த கையாலேயே அவளைக் கட்டிக்கொண்டாள். சித்தி எண்ணெய்க் கையால் என் கன்னத்தைக் கிள்ளினாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்பா மட்டும் ஆண்கள் பக்கம் போய், வேட்டி சட்டையோடு அருவிக்கு அடியில் நின்றார். வெகுநேரம் நின்றார். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் அவ்வளவு குளிராக இருக்கிறது போல என்று நினைத்து, துண்டு வாங்கித் தரும்படி அத்தையை நச்சரித்தேன்.