அம்மா போனில் பேசும் தமிழ்

தம்பி கப்பலில் சமையல் உதவியாளராகச் சேர்ந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது எனக்கு ஒரு போன் வாங்கிவந்தான். எண் பட்டன்கள் இல்லாத போன். ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய எங்கள் தெருவில் அப்போது எல்லோரிடமும் இருந்தது கட்டை விரலால் அழுத்தி அழுத்தி எழுதுகிற சின்னப் போன்தான். கண்ணாடியைத் தடவினால் படம் நகர்கிறதாம் என்று கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து ஆளுக்கொரு முறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா மட்டும் தொடவில்லை. "அய்ய, எனக்கு வேணாம்பா. கை வெச்சா ஒடஞ்சிடப் போவுது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்தப் போனால் எனக்கு வந்த நன்மையை மறைக்கக் கூடாது. துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஆபீஸில் நான் வேலை பார்த்தேன். கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கத்தில் காகிதம் போட்டு வெளியே எடுத்துத் தருகிற ஆபீஸ். கன்டெய்னர் பெட்டி அடிபட்டிருந்தால், சீல் உடைந்திருந்தால், பெட்டிகளை அடுக்கிவைக்கிற எண்ணூர் பக்கத்து யார்டுக்குப் போய்ப் பார்த்து எழுதிவர வேண்டும். டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற அந்த ரோட்டில் போய்த் திரும்பினால் பாதி நாள் போய்விடும். போன் வந்த பிறகு யார்டில் நின்றபடியே படம் எடுத்து, அங்கிருந்தே மெயில் அனுப்பினேன். ஆபீஸில் வேறு யாருக்கும் அது முடியாது. தூத்துக்குடிக்காரரான முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவரே ஒரு நாள் சரக்குக்குச் சொந்தக்காரரான பார்ட்டி ஒருவரிடம், "நம்ம பிள்ள போட்டோவே அனுப்பிரும், பாத்துக்கிடுங்க" என்று சொன்னார். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

தொல்லையும் இருந்தது. சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். யார்டு வாசல் டீக்கடையில் சார்ஜருக்கு இடம் கேட்டு நிற்பேன். வியர்த்த விரலுக்கு அது கட்டுப்படாது, ஒருவர் பெயரைத் தொட்டால் இன்னொருவருக்குப் போகும். எல்லாவற்றையும் விட மோசம், காதில் வைத்துப் பேசும்போது திரை இருண்டுவிடும். காதை விட்டு எடுத்தால் வெளிச்சம் வரவேண்டும். வராது. கால் கட் ஆனதா, ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. போனின் தலையில் இருக்கிற ஒரே சின்னப் பட்டனை ஓர் அழுத்து அழுத்திவிட்டு, கட்டாகியிருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆபீஸில் நான் வேறு தமிழ் பேசினேன். காலேஜில் சேர்ந்த முதல் வாரம் நான் 'இன்னா' என்று சொன்னதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. அதன் பிறகு டீவியில் நிகழ்ச்சி நடத்துகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வாயைப் பழக்கிக்கொண்டேன். வீட்டு வாசல் தாண்டினால் ஒன்று, உள்ளே வந்தால் ஒன்று. எங்கள் ஆபீஸ் அக்கவுண்டன்ட் வயதானவர். என்னைத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. அம்மா காசிமேட்டில் மீன் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறாள் என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது.

அன்றைக்குத் தண்ணீர் லாரி தாமதமாக வந்தது. அம்மா காசிமேட்டிலிருந்து திரும்பி, கை கழுவக்கூட நேரமில்லாமல் வரிசையில் நின்றாள். நான் ஆபீஸுக்குக் கட்டிய புடவையோடு இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். அங்கிருந்தே அக்கவுண்டன்டுக்குப் போன் செய்தேன்.

"சார், கொஞ்சம் தாமதமாகும் சார். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்காங்க."

"சரிம்மா, பார்த்து வா" என்றார். பட்டனை அழுத்தி, போனை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

எங்கள் முறை வருகிற நேரத்தில் லாரிக்காரன் குழாயை மூடினான். அம்மா குடத்தைத் தரையில் டங்கென்று வைத்தாள்.

"யோவ், இன்னாயா மூடிகினு போற? நாங்க இங்க நின்னுகினு கீறது உன் கண்ணுக்குத் தெர்லியா? காலைலேர்ந்து காஞ்சிகினு கீறோம், நீ பாட்டுக்கு வண்டிய கெளப்பிகினு போவியா? பேமானி, எறங்குயா கீழ!"

அவன் அடுத்த தெருவுக்குப் போகணும் என்றான். அம்மா போய் லாரி முன்னால் நின்றுவிட்டாள். நான் சும்மா இருந்தேனா? இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் போய் நின்றேன்.

"எங்க அம்மா மேல வண்டிய ஏத்திடுவியா நீ? ஏத்து பாப்பம்! ஜகா வாங்காத, ஏத்து! வந்துட்டான் கஸ்மாலம், எங்க தெருவுல வந்து பிலிம் காட்டிகினு!"

தெருவே கூடிவிட்டது. கடைசியில் அவன் குழாயைத் திறந்துவிட்டான். குடங்களைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது அம்மாவும் நானும் ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தோம்.

"ஆபீஸ்ல இன்னான்னு சொன்ன?" என்று அம்மா கேட்டாள்.

"வூட்டுக்கு விருந்தாளி வந்துகிறாங்கன்னு சொன்னேன்."

"யாரு அந்த விருந்தாளி? லாரிக்காரனா?"

இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. குடத்திலிருந்து தண்ணீர் தளும்பிக் காலில் கொட்டியது. "அந்தக் கணக்கு பாக்குற பெர்சு கீதே, அதுக்கு இன்னா தெரியும்? இன்னா சொன்னாலும் நம்பிக்கும்" என்றேன்.

வீட்டுக்குள் வந்து குடத்தை இறக்கிவிட்டு, மணி பார்க்கப் போனை எடுத்தேன். திரை அப்போதுதான் சோம்பலாக விழித்தது. ஆபீஸ் நம்பர் இருந்தது. அதன் கீழே நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. காதில் வைத்தேன். யாரோ அடக்கி அடக்கிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஆபீஸுக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். போனேன். நான் நுழைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் காகிதத்தைப் பார்த்தார்கள். அக்கவுண்டன்ட் எழுதிக்கொண்டே பேசுவதற்காகப் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாராம். நான் ஏதோ சொல்ல வருகிறேன் என்று முதலில் காத்திருந்தார்களாம். அப்புறம் கட் செய்ய யாருக்கும் மனசு வரவில்லை.

"விருந்தாளியெல்லாம் கிளம்பியாச்சா?" என்று அக்கவுண்டன்ட் மெதுவாகக் கேட்டார். அவர் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "எறங்குயா கீழ!" என்றது. அப்படியே அம்மாவின் இழுப்பு.

அண்ணாச்சி உள்ளே கூப்பிட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"எங்க ஊர்லயும் தண்ணிச் சண்ட உண்டும்மா. அதுல ஒண்ணுமில்ல. தண்ணி பிடிக்கணும்னே சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா?" என்றார். எனக்குக் கண்ணீர் வரப் பார்த்தது. அதைப் பார்த்துவிட்டு என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொல்லியிருப்பார்: "ஆனா ஒண்ணு, அம்மைய மட்டும் நம்ம ஆபீஸ் பக்கம் கூட்டிட்டு வந்துராத. பார்ட்டியெல்லாம் ஓடிருவான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் அம்மாவைப் பற்றி ஒருவர் சொன்னதற்கு அவர் முன்னால் நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு வெளியே வந்தபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் பாய்ந்தேன். "உன்னாலதாம்மா இன்னிக்கு என் மானம் போச்சு. நீ பேசுனது பூரா ஆபீஸ்ல கேட்டுகினு இருந்தாங்க."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. போனைக் காட்டி விளக்கினேன். அவள் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நா இன்னா தப்பா பேசினேன்? தண்ணிக்குத்தான பேசினேன்?"

"நீ பேசறதே தப்பும்மா. உன் பேச்சே கலீஜ்" என்றேன்.

கூடவே நானும்தான் கத்தினேன் என்பதை அவள் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சோற்றைப் போட்டுவைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த நாளிலிருந்து நான் போனை எடுத்தால் அம்மா பேச்சை நிறுத்தினாள். போன் அலமாரியில் சும்மா கிடந்தாலும், அதைக் கண்ணால் காட்டிவிட்டு, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கிசுகிசுப்பாள். "அது இப்ப கேக்காதும்மா" என்று சொன்னால் நம்பமாட்டாள். குழம்புக்கு உப்பு போதுமா என்பதைக் கூடக் கையால் கேட்டாள். முதலில் கோபித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். கோபம் இல்லை. எனக்குத் தொல்லை வந்துவிடக் கூடாது என்று பயந்தாள்.

தம்பி கப்பல் கரை சேர்கிற இடத்திலிருந்து என் போனுக்குத்தான் கூப்பிடுவான். முன்பெல்லாம், கை வைத்தால் உடைந்துவிடும் என்ற பயத்தையும் மறந்து, அம்மா போனைப் பிடுங்கி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி பேசுவாள். இந்த முறை போனை நான் அவள் காதில் வைத்தேன். அம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?"

தன் மகனை நீங்கள் என்றாள். தம்பி அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பது எனக்கே கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டு, "க்கா, அம்மாவுக்கு இன்னா ஆச்சு? டீவில நியூஸ் படிக்கிற மாதிரி பேசுது" என்றான். சிக்னல் சரியில்லை, விளையாட்டுக்குப் பேசுகிறாள் என்று ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த முறையும் அதே தமிழ். அதற்கடுத்த முறையும். பிறகு அவனுக்குக் கப்பலில் கடுமையான காய்ச்சல் வந்தது. எந்த ஊர்க் கரையோ தெரியாது, குரலே எழும்பாமல் கூப்பிட்டான்.

"அம்மாவ ரெண்டு திட்டு திட்டச் சொல்லுக்கா. ஒழுங்கா துன்றியாடா கய்தேன்னு கேக்கச் சொல்லு. எப்டியோ கீது எனக்கு."

அம்மாவிடம் கெஞ்சினேன். "ம்மா, அவன்கிட்ட எப்பவும் போல பேசும்மா. யாருக்கும் கேக்காது, சத்தியமா."

அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "அவன் பக்கத்துல பெரிய பெரிய ஆபீசருங்க நின்னுகினு இருப்பாங்கமே. அவன் மானமும் என்னால போவணுமா?"

பிறகு போனைக் காதில் வைத்து, "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கஞ்சி குடியுங்கள்" என்றாள். சொல்லும்போதே அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

நான் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்து தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். லாரி, ஸ்பீக்கர், நான் அம்மாவைச் சொன்ன வார்த்தை, எல்லாம். "கலீஜுன்னா சொன்ன?" என்று மட்டும் கேட்டான். பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். அதன் பிறகு பல மாதம் என்னோடு பேசவில்லை. கூப்பிட்டால், "அம்மாகிட்ட குடு" என்பான். அம்மா நியூஸ் படிப்பாள். அவன் கேட்டுக்கொள்வான்.

விடுமுறைக்கு வந்தபோது டாக்ஸி எங்கே நிற்கிறது என்று சொல்லத்தான் எனக்குப் போன் செய்தான். நான் போனும் கையுமாக வாசலுக்கு வருவதற்குள் அம்மா தெருமுனைக்கு ஓடிவிட்டாள்.

"எங்கடா போச்சு உடம்பு? சோறு துன்றியா இல்ல காத்து குடிக்கிறியா? கப்பல்ல சமைக்கப் போனியா, பட்டினி கெடக்கப் போனியா? கய்தே, மூஞ்சியப் பாரு, எலும்பும் தோலுமா..."

தம்பி பெட்டியைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்று வாங்கிக்கொண்டான். நான் சிரித்துக்கொண்டே பக்கத்தில் போனேன். அம்மா திரும்பினாள். என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். வாய் பாதி வார்த்தையில் நின்றது. தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

தம்பி கண்ணைத் திறந்தான். என் கையிலிருந்து போனை வாங்கி, டாக்ஸிக்காரரிடம் கொடுத்து, "கொஞ்சம் உள்ள வெச்சுக்கண்ணா, கண்ணாடிய ஏத்திடு" என்றான். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "இப்ப சொல்லும்மா" என்றான். அம்மா காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வா, வூட்டுக்குப் போவலாம்" என்று சின்னக் குரலில் சொல்லி, அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தம்பி பிறகு என்னோடு பேச ஆரம்பித்துவிட்டான். நான் அந்த ஆபீஸை விட்டு, மணலி பக்கம் வேறு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே முதல் நாளே 'இன்னா' என்றுதான் பேசினேன். யாரும் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டேன். "அத்த இன்னும் நெனச்சிகினு கீறியா? உட்டுத் தள்ளு" என்றாள். அலமாரியில் இருந்த போனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னாள்.

இப்போது நான் மணலியிலேயே குடியிருக்கிறேன். அவளிடமே ஒரு போன் இருக்கிறது. எழுதத் தெரியாததால் பேசிப் பதிவுசெய்து அனுப்புவாள். போன வாரம் வஞ்சிரக் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டிருந்தேன். டோல்கேட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பதில் வந்தது. அந்த இரைச்சலில் போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டேன்.

"வணக்கம். முதலில் மீனை நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும்" என்று தொடங்கினாள். பஸ் வந்தது. ஏறாமல் நின்று, அவள் நியூஸ் படித்து முடிக்கிறவரை கேட்டேன்.