வரப்பில் பதிந்த ஐந்து விரல்

என் வாழ்க்கையில் ஒரே ஒருவரைத்தான் அடித்திருக்கிறேன்.

துபாயிலிருந்து மச்சான் ஒரு ஷூ கொண்டுவந்தார். அடிப்பாகம் மிக மெல்லியது, ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை. போட்டால் வெறுங்காலோடு இருப்பது போலவே இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு தென்னை ஏறிப் பழகினேன். விடியுமுன் நீடாமங்கலத்தில் எங்கள் வயல் வரப்பில் ஓடினேன்.

ஒருநாள் அப்படி ஓடிவிட்டு வந்து, குளித்து, யூரியா போட்ட வயலைப் பார்க்கப் போனேன். முதல் நாள் சாயங்காலம் சேறு பூசிய வரப்பு உடைந்து, உரத்தண்ணீர் முழுக்க வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. உடைப்பின் ஓரத்தில் ஐந்து விரல் பதிந்த தடம். எங்கள் வயலில் செருப்பில்லாமல் நடப்பவர் தண்ணீர் பாய்ச்சும் செல்வம் ஒருவர்தான்.

எதுவும் கேட்கவில்லை. வாய்க்கால் ஓரம் நின்றிருந்தவரின் சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினேன். விழுந்தவரின் விலாவில் மிதித்தேன்.

"யோவ், குடிச்சிட்டு வந்து வரப்பை மிதிச்சியா?"

உதடு கிழிந்து ரத்தம் ஒழுக எழுந்தவர், என் பிடரியைப் பிடித்து முகத்தை அந்தத் தடத்துக்கு நேரே அழுத்தினார்.

"குதிகால்ல வரி வரியா இருக்கு பாருங்க. என் கால்ல என்ன ரப்பரா ஒட்டியிருக்கு?"

என் ஷூவின் வரிகள் அவை.

"இப்ப சொல்லுங்க, யார மிதிக்கணும்?"

ரத்தத்தைத் துப்பிவிட்டுப் போனவர், அப்புறம் எங்கள் வயலுக்கு வரவே இல்லை.

உடைப்பை நானே அடைத்தேன். அந்தத் தடத்தின் மேலும் சேறு பூசினேன். செல்வம்தான் வரப்பை உடைத்தார் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். நான் ஒருமுறைகூட மறுத்ததில்லை.