சும்மா ஒரு சிட்டிகை

யார் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தாலும் அவர் கை முதலில் தேடுவது பாத்திரத்தின் மூடியைத்தான். திறப்பார், ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்குவார், கண்ணை மூடுவார். வீட்டுக்கார அம்மாள் மறுபக்கம் திரும்புவதற்குள் உப்போ மிளகோ உள்ளே விழுந்திருக்கும். பிடிபட்டால், “சும்மா ஒரு சிட்டிகைதாம்மா. கை கேக்க மாட்டேங்குது” என்பார். உறவு முழுக்க அவருக்குக் ‘கரண்டி’ என்றே பெயர். அதுவும் முகத்துக்கு நேரேயே.

வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில். நோயாளிகளுக்கான உப்பில்லாச் சாப்பாடு அவர் பொறுப்பு. நாள் முழுக்க உப்பு டப்பாவைத் தொடாமலே கிண்டுகிற மனிதர், அந்தக் குறையை ஊரார் பாத்திரத்தில் தீர்த்துக்கொள்கிறார் என்பாள் மனைவி. அவள் வெங்காயம் நறுக்கும்போது பக்கத்தில் நின்று, வாயைத் திறக்காமல், விரலால் காற்றில் நறுக்கிக் காட்டுவார். அதற்கு நாலு திட்டு வாங்கினால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றும்.

போன விடுமுறைக்கு அவருடைய அக்காவும் அத்தானும் மகனோடு விருந்துக்கு வந்தபோது மனைவி ஒரு முடிவு எடுத்தாள். “இந்தத் தடவை சூப்பு பிள்ளைங்க பொறுப்பு. நீங்க அந்தப் பக்கமே வரக் கூடாது.”

பிள்ளைகள் என்றால், பதின்மூன்று வயது மகளும், அவளைவிடக் கொஞ்சம் மூத்த அக்கா மகனும். இருவரும் தக்காளியை வேகவைத்து, தோலுரித்து, ஒருவர்மேல் ஒருவர் தெறித்து, காலை முழுக்கக் கூத்தடித்தார்கள். கடைசியில் மகள் ஒரு வாய் குடித்துப் பார்த்து, “டேய், நெஜமாவே நல்லா இருக்குடா!” என்று கத்தியது, கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த அவர் காதிலும் விழுந்தது.

இருவரும் உடை மாற்றப் போனார்கள். அவர் அடுப்படிக்குள் போனார். பார்க்கத்தான் போனார். ருசித்தார். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் புளிப்பு தூக்கல், அவ்வளவுதான். அதற்கு ஒரு சிட்டிகை சர்க்கரை. சர்க்கரை விழுந்ததும் உப்பு போதவில்லை. உப்பு ஏறியதும் அது வெண்ணெய் கேட்டது. பிறகு எல்லாவற்றையும் வடிகட்டி, பூண்டு வதக்கி, மிளகு இடித்துப் போட்டு அவர் நிமிர்ந்தபோது பிள்ளைகளின் சூப் அங்கே இல்லை. வடிகட்டியில் தங்கிய சக்கையைக் குப்பைக்கூடையில் தட்டி, மேலே ஒரு காகிதத்தைப் போட்டு மூடினார். மூடும்போதே தெரிந்திருக்க வேண்டும், செய்த காரியம் என்னவென்று.

சாப்பாட்டு மேஜையில் முதல் வாய்க்கே அத்தான் நிமிர்ந்தார். “அடடா! யாரு கைப்பக்குவம் இது?”

“பிள்ளைங்கதான்” என்று மனைவி பூரித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். மகள் அப்போதுதான் ஸ்பூனை வாயில் வைத்தாள். விழுங்க நேரமாயிற்று.

“இது நாங்க பண்ணதில்ல.”

“பாரேன், என்ன அடக்கம்!” அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

“இல்ல அத்தை. நெஜமா இது எங்களுது இல்ல.”

மறுபடியும் சிரிப்பு. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயில் ரொட்டி இருந்தது, அதையே மென்றுகொண்டிருந்தார். அக்கா மகன் குனிந்த தலை நிமிராமல் குடித்து முடித்தான். மகள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். அவரை அவள் பார்க்கவே இல்லை. முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அவர் பாத்திரம் கழுவும்போது மகளே வந்து நின்றாள். “அப்பா, எங்களுது நல்லா இல்லையா?”

“நல்லாத்தாம்மா இருந்துச்சு.”

“அப்புறம் ஏன்?”

பதில் இருந்தது; பெற்ற பிள்ளையிடம் சொல்லக்கூடியதாக இல்லை. சமையல்காரன் வீட்டுச் சூப்பு இவ்வளவுதானா என்று அத்தான் நினைத்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயம்தான். காப்பாற்றப் போனது தன் மானத்தை. அவர் அடுத்த தட்டை எடுத்துத் தேய்த்தார். அவள் போய்விட்டாள். குழாய் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே அக்காவையும் அத்தானையும் உட்காரவைத்து, மகளின் எதிரிலேயே விஷயத்தைச் சொன்னார். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். “கரண்டி, உன்னை விட்டா அடுத்தவன் வாயில போனதையும் எடுத்துத் தாளிப்பே!” அவருக்குக் காதெல்லாம் சுட்டது. மகள் சிரிக்கவில்லை. “இப்ப சொல்லி?” என்று எழுந்து போய்விட்டாள்.

இந்த விடுமுறை விருந்துக்கும் நீயே சமைக்கிறியா என்று அவரே அவளிடம் வலியப் போய்க் கேட்டார். “எனக்கு வேணாம்ப்பா. எப்படியும் நீங்கதான பண்ணப் போறீங்க” என்றாள். அக்கா மகன்தான் அவளைப் பேசிச் சரிக்கட்டினான்: “மாமா கூடத்துல இருக்கட்டும். நாம கதவைச் சாத்திக்குவோம்.”

இதோ, கதவு சாத்தியிருக்கிறது. அவர் அத்தானுக்குப் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே கோழியும் உருளைக்கிழங்கும் தயாராகின்றன. ஏதோ கீழே விழுகிறது. “ஐயோ, திருப்புடா, திருப்பு!” என்று மகளின் குரல். கதவிடுக்கு வழியாக மெல்ல ஒரு வாடை வந்து கூடத்தைச் சுற்றுகிறது.

அத்தான் மூக்கைச் சுளிக்கிறார். “என்ன கரண்டி, ஏதோ கருகுற மாதிரி இல்ல?”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே அத்தான். ரெண்டு நாளா ஒரே ஜலதோஷம்” என்கிறார், காலையிலிருந்து ஒரு தும்மல்கூடப் போடாத அந்த மனிதர். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.