கணக்கில் சேராத இருபத்தைந்து மீற்றர்

“எத்தனை வருடமாக இந்த ஏரிக்கரையில் இருக்கிறீர்கள்?” என்று முதல் நாள் ஹெல்கா என்னைக் கேட்டார். முப்பத்தொரு வருடம் என்றேன். அதற்கு முன்பு? கடற்கரையில்.

“இன்னும் நீந்தத் தெரியாதா?”

அந்த ஹெல்கா திங்கட்கிழமை காலை இறந்துவிட்டார். நித்திரையிலேயே போய்விட்டாராம்.

என்னோடு நீச்சல் பழகும் சுகந்திதான் போன் எடுத்துச் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது… வியாழக்கிழமை வரை பொறுத்திருக்கக் கூடாதா?

ஹெல்கா ஜெர்மனிக்காரர். இளமையில் பிரீஸ்டைல் போட்டிகளில் நீந்தியவர். எழுபது வயது கடந்த பிறகும் கனடாவில் எங்கள் ஸ்காபரோ நீச்சல் குளத்தில் பெண்களுக்கு வகுப்பு நடத்தினார்.

செய்தி சொன்ன இடமெல்லாம் ஒரே கேள்வி: “மெடல் எடுத்தவவோ?” இல்லை, எடுக்கவில்லை. தயவுசெய்து இந்தப் பதிவின் கீழேயும் வந்து கேட்க வேண்டாம்.

நல்ல ஆசிரியர் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான். உதாரணம் இல்லாமல் எனக்கு எதுவும் விளங்காது. அவரிடம் இருந்ததோ ஒரே ஒரு சொல். “அகெய்ன்.”

இரண்டு வருடத்தில் எப்படியோ குளத்தின் ஒரு நீளம் நீந்தப் பழகினேன், இருபத்தைந்து மீற்றர். ஆனால் ஹெல்காவின் கொப்பியில் என் பெயருக்கு நேரே ஒருநாளும் சரி அடையாளம் விழவில்லை.

காரணம் இதுதான். முடிகிற இடத்தில் ஆழம் குறைவு, காலில் நிலம் தட்டுப்படும். உடனே எழும்பி நின்று நீச்சல் கண்ணாடியைக் கழற்றிவிடுவேன். சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

“சுவரைத் தொடவில்லை. கணக்கில் இல்லை.” இதுதான் ஹெல்கா.

“நீங்கள் எத்தினை பேருக்கு முட்டை போட்டிருப்பியள் ரீச்சர்,” என்பாள் சுகந்தி. “இப்ப நீங்களும் வாங்குங்கோ.”

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. “விடை பிழைத்தாலும் செய்த வழிக்கு நான் புள்ளி கொடுப்பேன். இருபத்துநான்கு மீற்றர் வந்ததற்கு உங்களிடம் ஒன்றுமே இல்லையா?” என்று கேட்டுவிட்டேன்.

ஹெல்கா கரையில் உட்கார்ந்தார். அன்றுதான் அந்தக் கதையைச் சொன்னார்.

அவர் நாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி, நானூறு மீற்றர். இரண்டு பேருக்குத்தான் இடம். பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஹெல்காதான் இரண்டாவது.

சுவரில் நேரம் பதிகிற பலகை ஒன்று இருக்குமாம். அதை அழுத்தித் தொட்டால்தான் மணிக்கூடு நிற்கும். ஹெல்காவின் விரல் மெல்லத்தான் பட்டது. அவர் திரும்ப அழுத்துவதற்குள் பக்கத்து வரிசைக்காரி அடித்துவிட்டாள்… அவள் போனாள், இவர் போகவில்லை.

“அடுத்த வருடம் என் தோள் போய்விட்டது,” என்றார். “என் கரியர் அவ்வளவுதான்.”

எனக்கு இன்னும் எரிச்சல் கூடியது. “எவ்வளவு நல்ல உதாரணம்… இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்குமே.”

“அது உதாரணம் இல்லை. அது எனக்கு நடந்தது.”

அதன் பிறகாவது நான் திருந்தினேனா? அடுத்த மூன்று வியாழனும் வகுப்புக்குப் போகவில்லை. ஒருநாள் காது வலி. ஒருநாள் பனி. மூன்றாவது நாளுக்குக் காரணமே இல்லை, வீட்டில் சோபாவில் இருந்தேன்.

ஞாயிறு பின்னேரம் ஹெல்காவே போன் எடுத்தார். “இந்த வியாழன் நான் சுவருக்குப் பக்கத்தில் நிற்பேன். நீங்கள் அங்கே வந்து சேர வேண்டும்.” கட்டாயம் வருகிறேன் என்றேன். அடுத்த நாள் காலை ஆள் இல்லை.

இன்று வியாழன். வகுப்பு இல்லை என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பொது நேரத்தில் நானும் சுகந்தியும் இறங்கினோம்.

நிலம் தட்டுப்பட்டது. நிற்கவில்லை. சுவரில் அடித்த அடியில் நடுவிரல் வீங்கிவிட்டது. இதை இடது கையால் தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

“தொட்டிட்டியள் ரீச்சர்,” என்றாள் சுகந்தி. “நான் பாத்தனான்.”

“நீ பாத்து என்னடி செய்யிறது?” என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம் அவள். துவாயை எடுத்து நீட்டினாள்.

போய் வாருங்கள், ஹெல்கா. நான் வரப் பிந்திவிட்டது…

நீச்சல் பழகுகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், அடுத்த முறை கடைசி மூன்று கைவீச்சுக்கும் தலையைத் தூக்காமல் போய்ப் பாருங்கள்.